பார்ட் நம்பர் இருக்கா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் அதில் நட்பைப் பற்றிப் பத்துக் கவிதை, தாயைப் பற்றி ஐந்து கவிதை, காதலைப் பற்றி (ஆசிரியர் குழு வெட்டியது போக) இரண்டு கவிதை இருப்பது வழக்கம். கவிதை எழுதும் கை எனக்கு வாய்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரீஸும் ஸ்பேனரும்தான். ஆகவே நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பற்றி எழுதப் போகிறேன். "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டா?" என்று சிரிக்காதீர்கள். நம்மில் மொபெட்டோ, பைக்கோ, ஆட்டோவோ இல்லாத வீடு எத்தனை? அந்த வண்டிக்கு ஒரு சாமான் வாங்கப் போய், மனம் நொந்து திரும்பாதவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

முதலில் ஒரு பெருமையைச் சொல்லிவிடுகிறேன். நம் சென்னைக்கும் மோட்டார் வாகனத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ்தான் பின்னர் எண்ணூரின் அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், நட்டு, போல்ட்டு என்று ஒரு வண்டிக்கு வேண்டிய அத்தனையும் நம்மைச் சுற்றியே தயாராகின்றன. இங்கே செய்த சாமான் கப்பலேறி அயல்நாடு போகிறது.

ஆனால் அதே சென்னையில், அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சாதாரண ஆள், தன் வண்டிக்குச் சரியான ஒரு ரப்பர் வாஷரை, சரியான விலையில், மரியாதையோடு வாங்க முடிகிறதா? இதுதான் என் கேள்வி.

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

நீங்கள் எந்த ஊர்க் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காட்சி ஒன்றுதான். முன்னால் கண்ணாடி போட்ட மேசை. அதற்குப் பின்னால் கூரை வரை அட்டைப் பெட்டிகள். நடுவில் இரண்டு பேர், ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர். வரிசை கிடையாது. யார் குரல் பெரிதோ அவருக்கு முதலில் சாமான்.

பழக்கப்பட்ட மெக்கானிக் வந்தால் பின்னாலிருந்தே கையை நீட்டி, "அண்ணே, ஒரு கிளட்ச் கேபிள், ஒரு செயின் செட்டு!" என்பார். உடனே வந்துவிடும். காசு கூடக் கொடுக்க மாட்டார், நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கையில் ரொக்கத்தோடு அரை மணி நேரமாக நிற்கும் ஆள், "சார்... சார்..." என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே நிற்பார்.

கடைசியில் அவர் முறை வரும். வந்ததும் கேள்வி மழை!

"என்னா வண்டி?"

வண்டியின் பெயரைச் சொல்வார்.

"அதான் என்னா மாடல்? பழசா புதுசா? பிஎஸ் ஃபோரா சிக்ஸா? டிரம்மா டிஸ்க்கா? செல்ஃப் இருக்கா இல்லையா?"

பாவம், அந்த மனிதர் விழிப்பார். 2020 ஏப்ரல் முதல் தேதியோடு பிஎஸ் 6 வந்துவிட்டது என்பதோ, அதனால் ஒரே பெயருள்ள வண்டிக்கு உள்ளே பல சாமான்கள் மாறிவிட்டன என்பதோ அவருக்கு எப்படித் தெரியும்? மாதத் தவணை கட்டுகிற தேதி தெரியும். பெட்ரோல் விலை தெரியும். அவ்வளவுதான்.

"பார்ட் நம்பர் இருக்கா?" என்று அடுத்த கேள்வி வரும். இல்லை என்பார். "பழசையாவது எடுத்துட்டு வந்தியா?" அதுவும் இல்லை என்றால் தீர்ந்தது. "போயி மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

பெண்கள் போனால் கதையே வேறு. என் அத்தை பன்னிரண்டு வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறார். அதில் என்ன சத்தம் வந்தால் எது தேய்ந்திருக்கிறது என்று எனக்கே சொல்லித் தருவார். ஒருநாள் இருவரும் பிரேக் ஷூ வாங்கப் போனோம். அத்தை கேட்டார். கடைக்காரர் பதிலை என்னிடம் சொன்னார். அத்தை மறுபடி விலை கேட்டார். விலையையும் என்னிடமே சொன்னார். வண்டி அத்தையுடையது, காசும் அத்தையுடையது. ஆனால் கடைக்காரர் கண்ணுக்கு அத்தை தெரியவே இல்லை. வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "நான் என்ன கண்ணாடியாடா? என்னைத் தாண்டி உன்னைப் பாக்குறாரு!"

அன்று சிரித்தோம். ஆனால் எல்லாச் சம்பவமும் சிரிப்பில் முடிவதில்லை.

240 ரூபாய்

என் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். இருபத்திரண்டு வருட அனுபவம். காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் மற்ற சவாரி. 2024 ஜூலையில் ஒருநாள் பின்பக்கச் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவது தெரிந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "வீல் சிலிண்டர்ல கிட்டு மாத்தணும்" என்றார்.

அந்த 'கிட்டு' என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. சில ரப்பர் கப்புகளும் சில்லறைச் சாமான்களும் ஒரு சின்னப் பையில் இருக்கும். ஆனால் அது செய்கிற வேலை பெரியது. நாம் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்தம், குழாய் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, பிஸ்டனைத் தள்ளி, பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை வெளியே விடாமல் காப்பது அந்த ரப்பர் கப்பின் மெல்லிய உதடுதான். ரப்பர் சரியில்லை என்றால் பிரேக் ஆயில் பட்டு உப்பும், அல்லது விறைத்துக் கிழியும். கிழிந்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

நானும் அப்பாவும் எங்கள் பகுதியில் உள்ள ஒரு கடைக்குப் போனோம். பழைய கப்பைக் கையோடு எடுத்துப் போனோம். அப்பா காக்கிச் சட்டை போட்டிருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றார். அவருக்கு, "சொல்லுங்க சார், உக்காருங்க சார்." என் அப்பாவுக்கு, "இன்னாபா ஆட்டோ, சீக்கிரம் சொல்லு." அப்பாவை விட அந்தக் கவுண்டர்காரருக்கு இருபது வயதாவது குறைவாக இருக்கும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டது போலும். எனக்குத்தான் முகம் சிவந்தது.

சாமான் வந்தது. உறையில் பிரபலமான பெயர் போலவே ஒரு பெயர். "இது கம்பெனி ஐட்டம்தானா?" என்று கேட்டேன். "கம்பெனிதான் தம்பி, எல்லாம் ஒரே கம்பெனிதான்" என்றார். உறையில் தயாரித்தவர் முகவரி இருக்கும் இடம் மசங்கிக் கிடந்தது. 240 ரூபாயை அப்பா போனில் ஜிபே செய்தார். நான் பில் கேட்டேன்.

"பில்லு வேணும்னா டாக்ஸு சேரும்பா. 28 பர்சன்ட்டு. பரவால்லையா?"

"எம்ஆர்பியிலேயே டாக்ஸ் சேர்ந்துதானே இருக்கும்?"

"நீ இன்னா படிச்சவனா? வேணும்னா வாங்கு, இல்லாட்டி வை."

அதற்குள் பின்னால் ஐந்தாறு பேர் இடித்துத் தள்ளினார்கள். 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் 240 என்று கிறுக்கிக் கொடுத்தார். கீழே பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருந்தது. அதை மட்டும் அழகாக அச்சடித்திருந்தார்கள்!

ஒன்பதாம் நாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்பா காலி வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். சிக்னலில் பெடலை மிதித்தார். பெடல் அப்படியே கீழே போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை ஓரம் கட்டி, பிளாட்பாரக் கல்லில் சக்கரத்தை உரசி நிறுத்தினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பத்து நிமிடம் முன்னால் அது நடந்திருந்தால்? உள்ளே ஆறு பிள்ளைகள்! எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மெக்கானிக் பிரித்துக் காட்டினார். கப்பின் உதடு பிளேடால் கீறியது போலக் கிழிந்திருந்தது. பழைய கப்பில் ஓரத்தில் அச்சு எழுத்து தெளிவாக இருந்தது. புதியதில் ஒரு எழுத்தும் இல்லை, மொழுக்கென்று இருந்தது.

கடைக்குப் போனோம். "மெக்கானிக் மாட்டத் தெரியாம மாட்டிட்டான்" என்றார் கவுண்டர்காரர். "இது எங்க கடை சாமானே இல்ல" என்றார் பிறகு. "பில் இருக்கா?" என்றார் கடைசியாக. கேட்ட பில்லைக் கொடுக்காதவரே பில் எங்கே என்று கேட்கிறார்! இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

கோர்ட் இருக்கிறது, நண்பர்களே!

அன்று இரவே நூலகத்தில் எடுத்து வந்த புத்தகத்தைப் புரட்டினேன். நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த டிசம்பர் 24-ஐத்தான் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'முறையற்ற வணிக நடைமுறை' என்றால் என்ன என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். விற்ற பொருளுக்கு ரசீது தராமல் இருப்பது அதில் ஒன்று. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது இன்னொன்று. ஆக, அந்த அழகான அச்செழுத்து வாசகம் குறையுள்ள சாமான் விஷயத்தில் செல்லாக் காசு!

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். நடந்ததைத் தேதி வாரியாக எழுதினேன். எஸ்டிமேட் சீட்டின் நகல், போனில் பணம் போன விவரத்தின் நகல், கிழிந்த கப்பின் படம் மூன்றையும் இணைத்தேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வோம் என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆறாம் நாள் கடை முதலாளியே போன் செய்தார். "எதுக்குத் தம்பி லெட்டரு கிட்டரெல்லாம்? வந்து வாங்கிட்டுப் போங்க." போனோம். 240 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி நின்ற இரண்டு நாள் வருமானமும், மறுபடி மாட்டிய கூலியும் போனது போனதுதான். வரும் வழியில் அப்பாவிடம், "காசு வந்துடுச்சுல்லப்பா?" என்றேன். அப்பா சொன்னார்: "வந்துச்சு. ஆனா குடுக்குறப்பவும் மூஞ்சியப் பாக்கலியே, கவனிச்சியா?"

நான் கவனித்திருந்தேன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

இத்தோடு கட்டுரையை முடித்தால் கடைக்காரர்களைத் திட்டி எழுதியதாக ஆகிவிடும். அது நியாயமல்ல. ஏனென்றால் சென்ற கோடை விடுமுறையில் நானே ஒரு கடையில் (மேலே சொன்ன கடையல்ல, வேறொரு புறநகர்க் கடை) இரண்டு மாதம் கவுண்டரில் வேலை பார்த்தேன். அப்போது எனக்கு அந்தப் பக்கமும் தெரிந்தது.

காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். துணிக்கடைப் பெண்களின் கால் வலியை நினைத்து வந்த சட்டம் அது. எங்கள் கடையில் ஸ்டூல் இருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு பெட்டி ஆயில் இருந்தது!

எத்தனை ஆயிரம் சாமான்கள்! யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்து, திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் கவுண்டர் அண்ணனுக்குச் சம்பளம் என் அப்பாவின் ஆட்டோ வருமானத்தை விடக் குறைவு. ஆனால் இரண்டாயிரம் பார்ட் நம்பராவது அவர் மண்டைக்குள் இருக்கும்.

வருகிற வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. "அந்த வளைஞ்ச பைப்பு இருக்குமே, அது வேணும்." எந்த வளைந்த பைப்? "இஞ்சினுக்குக் கீழே கறுப்பா உருண்டையா ஒண்ணு." அப்படி ஏழு இருக்கும்! வாங்கிப் போய், மாட்டிப் பார்த்து, கிரீஸ் பூசி, "இது சேரல, காசைக் குடு" என்று உடைந்த உறையோடு வருவார்கள். நல்ல சாமானைக் காட்டினால், "அங்க பாதி விலைக்குத் தரான்" என்பார்கள். பாதி விலைச் சாமான் எப்படிச் சந்தையில் இடம் பிடிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு ரகசியமும் தெரிந்தது. மெக்கானிக்குக்கு ஏன் முதல் மரியாதை? அவர் ஒருவர் மாதம் நூறு வண்டிக்குச் சாமான் எடுப்பார். அவர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனால் நூறு வியாபாரம் போச்சு. அதனால் அவருக்குக் கடன், தள்ளுபடி, சில இடங்களில் தனியாக ஒரு தொகையும் உண்டு. நேராக வரும் வாடிக்கையாளர் வருடத்துக்கு இரண்டு முறை வருபவர். அவர் போனால் போகட்டும் என்ற கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஆள் வண்டியை ஓட்டுபவர். உயிரோடு விளையாடுவது அவர்தான் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை!

இந்தக் கணக்கைத் தப்பாக்கிய ஒருவரையும் அங்கேதான் பார்த்தேன். எங்கள் கவுண்டர் அண்ணன்தான். ஒரு மாலை, ஒரு வயதான அம்மா மகனின் மொபெட்டுக்கு பேரிங் கேட்டு வந்தார். கையில் பழைய பேரிங், துணியில் சுற்றியபடி. அண்ணன் அதைத் துடைத்தார். ஓரத்தில் பொறித்திருந்ததைப் படித்தார். எங்களிடம் அந்த அளவில் இருந்தது ஓரத்தில் ரப்பர் மூடி இல்லாத வகை. "அளவு சரியா இருக்கும்மா. மாட்டினா உக்காரும். ஆனா இது உன் வண்டிக்கு ஆவாது. மண்ணு தண்ணி உள்ள போயி ரெண்டு மாசத்துல கத்தும். நாலு கடை தள்ளிப் போ, நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்று போட்டியாளர் கடைக்கே போன் செய்து, நம்பரைச் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னார்.

முதலாளி முறைத்தார். அண்ணன் மெதுவாக என்னிடம் சொன்னார்: "தம்பி, சாமான் இருந்தா யாரு வேணும்னாலும் வித்துடலாம். இல்லேன்னு சொல்லத் தெரியணும்." மூன்றாம் வாரம் அந்த அம்மா மகனையும், மகனின் சிநேகிதர் இருவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்குத்தான் வந்தார்.

கஸ்டமர் சர்வீஸ் என்று பெரிய கம்பெனிகள் வகுப்பு எடுக்கின்றனவே, அதன் பாடம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது என்பேன்.

புதுப்பேட்டை சொல்லும் நீதி

எழும்பூர் பக்கம் புதுப்பேட்டைக்குப் போயிருப்பீர்கள். பழைய வண்டிகளைப் பிரித்து, சாமானைத் தனித்தனியாக விற்கும் இடம். சற்றுத் தள்ளி, மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுச் சாமான் கடைகள். நான் இரண்டு இடத்திலும் அலைந்திருக்கிறேன். ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம். புதுப்பேட்டையில் சாமானைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். திருப்பிப் பார், தட்டிப் பார், அளந்து பார். 'இது பழசு, இவ்வளவு தேய்ந்திருக்கிறது' என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பேரம் பேசுகிறோம். ஏமாந்தாலும் கண்ணைத் திறந்துகொண்டு ஏமாறுகிறோம்.

புதுச் சாமான் கடையில்தான் அட்டைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஆக, பிரச்சினை பழசு புதுசில் இல்லை. ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, மற்றவருக்குத் தெரியவில்லை. அதில்தான் பிரச்சினை. தெரிந்தவருக்கு 'சார்'. தெரியாதவருக்கு 'ஏய் ஆட்டோ'!

நம்பர் படிக்கலாம் வாங்க!

அப்படியானால் தெரிந்துகொண்டால் போயிற்று! இது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? நாம் படித்ததில் பாதி இதுதானே!

ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6203 என்று இருக்கும். கடைசி இரண்டு எண் உள் துவாரத்தைச் சொல்கிறது. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. அதன்பின் 04-லிருந்து ஐந்தால் பெருக்கினால் போதும். 04 என்றால் 20, 05 என்றால் 25. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. இசட் இசட் என்றால் தகட்டு மூடி. அந்த அம்மாவின் துணி மூட்டையில் இருந்த ரகசியம் இவ்வளவுதான். ஆயில் சீலில் மூன்று எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், அகலம். வண்டியின் ஆர்சி புத்தகத்தில் சேசிஸ் நம்பர் இருக்கிறது. அதை வைத்து கம்பெனியின் பார்ட்ஸ் பட்டியலில் பார்த்தால் எந்த மாடல், எந்த வருடம், எந்தச் சாமான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

கடைக்குப் போகும் எவரும் செய்ய வேண்டியவற்றை என் அனுபவத்தில் இப்படிச் சொல்வேன்:

1. கழற்றிய சாமானைத் துடைத்து, கையோடு கொண்டு போங்கள். முடியாவிட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சியையும் படம் எடுத்து வையுங்கள்.

2. உறையைப் படியுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்குமேல் 'பில் போட்டா டாக்ஸ் தனி' என்பது பேச்சுக்கே இடமில்லாதது. 28 சதவீதம் என்று பயமுறுத்தும் காலமும் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்.

3. பிரேக், ஸ்டியரிங், டயர் இந்த மூன்றிலும் பாதி விலையைத் தேடாதீர்கள். சீட் கவரில் மிச்சம் பிடியுங்கள், பிரேக்கில் வேண்டாம்.

4. பில் கேளுங்கள். மறுத்தால் போனில் பணம் கட்டிய விவரத்தையாவது பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம்.

5. கவுண்டரில் இருப்பவரிடமும் மரியாதையாகப் பேசுங்கள். அவர் காலையிலிருந்து நிற்கிறார். மாட்டிப் பார்த்துக் கிரீஸ் பூசிய நல்ல சாமானைத் திருப்பித் தர வம்பு செய்யாதீர்கள்.

நம் பங்கு என்ன?

நண்பர்களே! இதைப் படிக்கும் நம்மில் பலர் நாளை அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போகிறவர்கள். சிலர் சொந்தக் கடை வைப்போம். சிலர் சர்வீஸ் சென்டரில் இருப்போம். சிலர் அந்தச் சாமானையே தயாரிக்கும் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கில் இருப்போம். எங்கே இருந்தாலும் நம் முன்னால் ஒரு காக்கிச் சட்டைக்காரரோ, ஒரு அம்மாவோ வந்து நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதற்குத் தனி டிப்ளமோ தேவையில்லை. ஆனால் "இது உங்க வண்டிக்கு ஆவாது" என்று சொல்வதற்கு நாம் படித்த படிப்பு தேவை. படித்தவன் ஏமாற்றினால் அது இரட்டைக் குற்றம்.

நாளை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை வைக்கிறேன். நம் ஆட்டோமொபைல் தொழிற்கூடம் சனிக்கிழமை பிற்பகலில் பூட்டித்தான் கிடக்கிறது. முதல்வர் ஐயாவிடமும், துறைத் தலைவரிடமும் அனுமதி கேட்போம். வாசலில் ஒரு மேசை, ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு பூதக்கண்ணாடி, நம்மில் நான்கு பேர் போதும். சுற்றுவட்டார ஆட்டோ டிரைவர்களும், மொபெட் ஓட்டும் அக்காமாரும், தள்ளுவண்டிக்கு மோட்டார் மாட்டியவரும் கழற்றிய சாமானைக் கொண்டு வரட்டும். நாம் அளந்து, எண்ணைப் படித்து, வண்டியின் மாடலைப் பார்த்து, ஒரு சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுப்போம்: சாமான் பெயர், அளவு, பார்ட் நம்பர், உறையில் என்ன பார்க்க வேண்டும். காசு வேண்டாம். நாம் எதையும் விற்கவும் வேண்டாம், எந்தக் கடைக்கும் போ என்று சிபாரிசு செய்யவும் வேண்டாம். சீட்டு மட்டும் போதும்.

முதல் செமஸ்டரில் வெர்னியர் படிக்கும்போது, "இதை வெச்சு என்ன பண்ணப் போறோம்?" என்று பின் பெஞ்சில் முணுமுணுத்தோமே, இதைத்தான் பண்ணப் போகிறோம்! நமக்கும் பிராக்டிகல், அவர்களுக்கும் உதவி. கவுண்டரில், "பார்ட் நம்பர் இருக்கா?" என்று கேட்கும்போது, அந்தச் சீட்டை மேசைமேல் வைத்து, "இருக்கு, பாருங்க" என்று நிமிர்ந்து சொல்லட்டும்.

சேர விருப்பமுள்ளவர்கள் இந்த மலர் கைக்கு வந்த வாரமே தொழிற்கூட வாசலில் என்னைப் பார்க்கலாம். வெர்னியர் என்னிடம் ஒன்று இருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும்.